சிங்கப்பூரும் துபாயும் சென்னையிலிருந்து ஒரே தூரம்தான். நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி இதுதான்: ஒருவர் தன் அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்புகிறார். டிக்கெட்டில் இரவு 11.15-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.15-க்குப் போய்ச் சேரும் என்று இருக்கிறது. ஏழு மணி நேரம். திரும்பி வரும் டிக்கெட்டில் இரவு 8.00-க்குக் கிளம்பி 9.40-க்கே மீனம்பாக்கம். ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை. துபாயில் வேலை பார்க்கும் தம்பி, "எனக்கு நாலு மணி நேரம்தான் ஆகும்" என்கிறார். அப்படியென்றால் சிங்கப்பூர் துபாயைவிடத் தூரமா? சரியாக எத்தனை கிலோமீட்டர்? முட்டி வலி இருக்கிற அம்மா உண்மையில் எவ்வளவு நேரம் சீட்டில் உட்கார வேண்டியிருக்கும்?

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். போகும்போது நாலரை மணி நேரம், வரும்போது நாலு மணி பத்து நிமிடம். தூரம் ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர். துபாய் ஏறக்குறைய 2,930. சென்னையை நடுவில் வைத்துப் பார்த்தால் கிழக்கே சிங்கப்பூரும் வடமேற்கே துபாயும் கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருக்கின்றன. இந்த இரண்டு ஊருக்கும் போய்வருகிற குடும்பங்கள் நம்மூரில் எத்தனையோ இருந்தும் இது பலருக்குத் தெரிவதில்லை. தூரம் மட்டுமே நேரத்தைத் தீர்மானிப்பதில்லை என்று காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. அதனால் இந்த இரண்டையும் வைத்தே விளக்குகிறேன். ஃபிளைட் டிஸ்பாட்ச், அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் பாதை, எரிபொருள் திட்டம் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே போகும்.

கடிகாரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டிக்கெட்டில் போடுகிற நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 6.15 என்றால் இங்கே விடியற்காலை 3.45. ஆக 11.15-லிருந்து 3.45 வரை, நாலரை மணி நேரம். திரும்பும்போது அங்கே இரவு 8.00 என்பது இங்கே மாலை 5.30. அதிலிருந்து 9.40 வரை எண்ணினால் நாலு மணி பத்து நிமிடம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே எல்லாம் தலைகீழ். விடியற்காலை 4.00 மணிக்கு இங்கே கிளம்பும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்துவிட்டு, அந்த ஊர்க் கடிகாரப்படி 6.45-க்குப் போய் நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டே முக்கால் மணி நேரப் பயணம்போலத் தெரியும். வரும்போது நாலு மணி நேரம் பறந்தாலும் டிக்கெட்டில் ஐந்தரை மணி நேரமாகத் தெரியும்.

சிங்கப்பூருக்கும் நமக்கும் உள்ள இரண்டரை மணி நேரத்தில் சூரியனுக்குப் பங்கு பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. சென்னை கிழக்கே 80 டிகிரி, சிங்கப்பூர் 104 டிகிரி. வித்தியாசம் 24 டிகிரி, அதாவது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். மீதி ஏறக்குறைய ஒரு மணி நேரம் அரசாங்கங்கள் வைத்தது. 1982 தொடக்கத்தில் மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரமாகக் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்று வைத்தபோது, சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது. அம்மா 6.15-க்கு இறங்கும்போது வெளியே இருட்டாகவே இருக்கும். அக்காவிடம் சொல்லிவைத்தால் நல்லது. நமக்கும் ஒரு காலத்தில் தனி நேரம் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்ட மெட்ராஸ் நேரம், இன்றைய இந்திய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால். 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன் நாட்டின் ரயில்கள் அந்த மெட்ராஸ் நேரத்தை வைத்துத்தான் ஓடின.

தேதி விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். சென்னையிலிருந்து போகும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.10 என்று இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நின்று கண்கலங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். டிக்கெட் வந்த அன்றே காலண்டரில் "14 இரவு புறப்பாடு" என்று பெரிதாக எழுதி மாட்டிவிடுங்கள்.

அடுத்தது தூரம். விமான நிலையங்களுக்கு இடையே தூரம் என்று எந்த இணையப் பக்கம் காட்டினாலும், அது அநேகமாக ஓடுபாதைகளை ஒட்டிய ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து இன்னொரு நிலையத்தின் குறிப்புப் புள்ளிவரை உருண்டையின் மேல் போடுகிற மிகக் குறுகிய கோடு. வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலைச் சென்னையில் பிடித்து, மறுமுனையைச் சிங்கப்பூரில் இழுத்துப் பிடியுங்கள். நூல் படியும் பாதைதான் அந்தக் கோடு. அந்தமான், நிக்கோபார் பக்கமாகப் போய் மலாக்கா நீரிணைக்கு மேலே இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் 2,915 என்றும் இன்னொன்றில் 2,925 என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். பூமியைச் சரியான பந்தாக வைத்துக் கணக்குப் போடுபவர்களும் உண்டு, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்று திருத்தம் செய்பவர்களும் உண்டு. நடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அந்த 21 கிலோமீட்டர்தான் இந்தச் சில்லறை வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. மீனம்பாக்கத்து ஓடுபாதையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பரங்கிமலை, பூமியின் வடிவத்தை அளந்த வரலாற்றில் ஒரு முக்கியமான இடம். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் இந்த மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். நில அளவைக்கு அடிப்படையாக வைத்த சுமார் 12 கிலோமீட்டர் கோடு அது. அதை முடிக்க 57 நாள் ஆனது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரிய நில அளவை அந்தக் கோட்டின்மேல் எழுந்ததுதான். தரையில் ஒரு டிகிரி எத்தனை நீளம் என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது லாம்டனின் நோக்கங்களில் ஒன்று. இன்று நாம் கைபேசியில் ஒரு நொடியில் பார்க்கும் எண்ணுக்குப் பின்னால் அந்த மாதிரி உழைப்பு இருக்கிறது. மலைமேல் லாம்டனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மெட்ரோவில் போனால் விமான நிலையத்திலிருந்து ரொம்பப் பக்கம்.

விமானம் அந்த நூல் பாதையில் அப்படியே போகாது. கிளம்பும் திசை, வான்வழிகள், இறங்கும் வரிசை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூடும். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் இடிமேகங்கள் கோபுரம் கோபுரமாக நிற்கும். பைலட் அவற்றைச் சுற்றித்தான் போவார். சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் காட்டும் தூரம் 2,920-ஐத் தாண்டினால் அது இயல்பு. பைலட் அறிவிப்பில் 1,580 மைல் என்று காதில் விழுந்தாலும் தூரம் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இனி வேகம். நம் ஊரிலிருந்து அதிகம் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு 830-லிருந்து 850 கிலோமீட்டர் போகும். ஏர்பஸ் 350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 900-ஐ ஒட்டிப் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேகம் கிடையாது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லும் மனக்கணக்கு இதுதான்: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். டெல்லி 1,760 கிலோமீட்டர். இரண்டே முக்கால் மணி வரும். கொழும்பு 650, ஒரு மணி இருபது நிமிடம். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நாலு மணி பத்து நிமிடம். டிக்கெட்டில் இருப்பதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

பெங்களூருவுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். தூரம் 270 கிலோமீட்டர்கூட இல்லை. வானத்தில் இருப்பது முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல். உச்ச உயரத்துக்குப் போய்ச் சேர்ந்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுவார்கள். தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கம் ஓடும் ஏடிஆர் விமானத்தில் போனால் கணக்கே வேறு. அதில் விசிறி இருக்கும், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். யாழ்ப்பாணம் சென்னையிலிருந்து நேர்கோட்டில் 355 கிலோமீட்டர், மதுரையைவிடப் பக்கம்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதிலிருந்து, போன ஊரில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ளதுதான் அந்த நேரம். நாங்கள் பிளாக் டைம் என்போம். இரவு நெரிசலில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்குப் போய்ச் சேரவே பதினைந்து, இருபது நிமிடம் ஆகலாம். அதோடு, சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகப் பெயர் வாங்க எல்லா நிறுவனங்களும் கொஞ்சம் கூடுதல் நேரத்தை அட்டவணையில் வைத்துக்கொள்வார்கள். அம்மாவின் விமானம் 6.15-க்குப் பதில் 5.55-க்கே இறங்கிவிடுவது சகஜம்.

சரி, ஒரே பாதையில் போக நாலரை, வர நாலு பத்து என்று ஏன்? இங்கேதான் காற்று வருகிறது. இந்த வேலையில் எனக்கு அலுக்காத பகுதி இதுதான். விமானத்தின் வேகம் என்பது காற்றுக்குள் அதன் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும். மணிக்கு 840 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் தரைக்கு மேல் 780. பின்காற்று என்றால் 900. முதலாவதில் 2,920 கிலோமீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம், இரண்டாவதில் மூன்றேகால். அரை மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு விமானம் கிளம்புவதற்கு முன்னும் போடும் ஃபிளைட் பிளானில் சராசரிக் காற்று "மைனஸ் 30", "பிளஸ் 25" என்று ஒரு வரியில் நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வந்துவிடும். என் கண் முதலில் போவது அங்கேதான். அந்த மைனஸ் பெரிதாக இருந்தால் எரிபொருள் கூடும். கால் மணி நேரம் அதிகம் பறக்க ஏர்பஸ் 320 ஒன்றுக்கே சுமார் 600 கிலோ.

சென்னைக்கு மேலே அந்தக் காற்று எப்படி வீசுகிறது என்பதுதான் சுவையானது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து வீசும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய ஆறுபோல் காற்று ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று அதற்குப் பெயர். இந்திய வானிலைத் துறைக்குப் பின்னாளில் தலைவராக இருந்த பி. கோடீஸ்வரம் 1950-களில் அதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதன் நடுப்பகுதி தென்னிந்தியாவுக்கு மேலேயே, ஏறக்குறைய நம் அட்சரேகையை ஒட்டித்தான் ஓடுகிறது. காற்று மிக வேகமாக வீசுவது 14, 15 கிலோமீட்டர் உயரத்தில். பயணிகள் விமானங்கள் 11, 12 கிலோமீட்டரில் பறப்பதால் அதன் அடிப்பகுதிதான் கிடைக்கும். அதுவே போதும். ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். சென்னையிலிருந்து துபாய் போகிறவர்களுக்கும் பயணத்தின் முதல் பாதியில் கைகொடுக்கும்.

குளிர்காலத்தில் படம் மாறிவிடும். கிழக்கு ஜெட் காணாமல் போய்விடும். வட இந்தியாவுக்கும் அரேபியாவுக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்காக இன்னொரு ஜெட் காற்று பலமாக வீசும். துபாய் 25 டிகிரி வடக்கில் இருப்பதால் அதற்குள் வந்துவிடுகிறது. சிங்கப்பூர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்கு எட்டுவதில்லை. அதனால் ஜனவரியில் துபாய் போகும் விமானம் கடைசிப் பாதியில் திணறும். பொங்கலுக்கு ஊருக்கு வரும் தம்பியோ சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுவார். தம்பி சொல்லும் "நாலு மணி நேரம்" அநேகமாக வரும்போது பார்த்த கணக்காக இருக்கும்.

ஓடுபாதையும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். மேற்கிலிருந்து காற்று வீசும்போது சிங்கப்பூரிலிருந்து வரும் விமானம் கடல் பக்கமிருந்து நகரத்துக்கு மேலே நேராக வந்து இறங்கிவிடும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் அதே விமானம் சென்னையைக் கடந்து மேற்கே போய், திரும்பி கிழக்கு பார்த்து இறங்க வேண்டும். பத்து நிமிடம் கூடும். கீழே ஊரின் விளக்குகள் தெரிகின்றன, ஆனாலும் இறங்காமல் தாண்டிப் போகிறதே என்று அம்மா பதற வேண்டாம்.

சீட்டுத் திரையில் அம்மா பார்க்கக்கூடிய இன்னொன்று: கிழக்கே போகும்போது உயரம் 35,000, 37,000 என்று ஒற்றைப்படை ஆயிரங்களில் இருக்கும், மேற்கே திரும்பி வரும்போது 36,000, 38,000 என்று இரட்டைப்படை. எதிரெதிரே வருகிறவர்களுக்கு இடையே ஆயிரம் அடி இடைவெளி விடும் ஏற்பாடு அது.

சிங்கப்பூருக்குப் போகும் வழி பெரும்பாலும் கடல் என்பதால் வான்வெளித் தகராறு கிடையாது. லண்டன் போகிறவர்கள் பாடு அப்படியில்லை. சென்னை – லண்டன் நேர்கோடு 8,230 கிலோமீட்டர். அதே நூலைக் குளோபில் இழுத்துப் பார்த்தால் பலுசிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ், உக்ரைன் என்று போகும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனுக்கு மேலே யாரும் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. 2019-இலும் மாதக்கணக்கில் மூடியிருந்தது. அப்போதெல்லாம் கிலோமீட்டர் எண் மாறாது, டிக்கெட் நேரம் மாறும். அதனால் லண்டனுக்கு மூன்று வருடம் முன்பு போய்வந்தவர் சொல்லும் நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

அம்மாவின் பயணத்துக்கு வருவோம். நாலரை மணி நேரம் என்பது விமானத்துக்குள் கதவு மூடிய பிறகு. தாம்பரத்திலிருந்தோ அண்ணா நகரிலிருந்தோ கிளம்பினால், ஜி.எஸ்.டி. சாலை இரவு எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று மணி நேரம் முன்பே டெர்மினல் 2-இல் இருக்க வேண்டும் என்றால் 7.00 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் நிம்மதி. அங்கே 6.15-க்கு இறங்கி, குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர, நம் நேரப்படி விடியற்காலை 5.30 ஆகிவிடும். வாசலிலிருந்து வாசலுக்குப் பத்தரை மணி நேரம். அதில் உட்கார்ந்தே இருப்பது நாலரை மணி நேரம்தான். முட்டி வலிக்கு நடைபாதை ஓரத்துச் சீட்டு எடுங்கள். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலடி நடக்கலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். சாங்கி விமான நிலையத்தில் நடை அதிகம். அம்மாவின் கைபேசியில் நேரம் தானாக மாறும்படி வைத்துவிட்டு, கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைச் சென்னை நேரத்திலேயே விட்டுவிடுங்கள். ராத்திரி மாத்திரையை எப்போது போட்டோம், அடுத்தது எப்போது என்று கணக்குப் பார்க்க அவருக்கு அது சுலபமாக இருக்கும்.

திரும்பி வரும் நாளில் நீங்கள் கூப்பிடப் போகும்போது 9.40-ஐ நம்பி முன்கூட்டியே போய் நிற்க வேண்டாம். விமான எண்ணைக் கைபேசியில் தேடினால் அது கடலுக்கு மேல் எங்கே வருகிறது என்று தெரியும். அந்தமானைத் தாண்டி மேற்கே வந்துவிட்டதென்றால் இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கிய பிறகு பெட்டி வந்து வெளியே வர முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.